நாச்சிமுத்து மேஸ்திரியின் இரண்டாவது சொல்

நாச்சிமுத்து மேஸ்திரி இறந்த செய்தி வந்தபோது நான் காதர்பேட்டையில் ஒரு கடையில் உட்கார்ந்து, கல்கத்தா வியாபாரி ஒருவருக்குப் பனியன் ரகங்களைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் பட்டறை ஆள் ரங்கன் சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு வாசலில் வந்து நின்றான். "ஏனுங்க, பழைய மேஸ்திரி போயிட்டாருங்க. காலையில எந்திரிக்கவே இல்லீங்களாமா" என்றான். நான் தலையை ஆட்டினேன். என்ன விஷயம் என்று வியாபாரி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ரகத்தைப் பிரித்தேன். பேச்சு முடிந்து, அவர் காபி குடித்துக் கிளம்பும்வரை இருந்துவிட்டுத்தான் நானும் எழுந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படித்துவிட்டு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே பட்டறை முதலாளிகள் சங்கத்திலிருந்து நீங்கள் பலரும் மாலையோடு வந்து நின்றிருந்தீர்கள். உங்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம தொழிலுக்கே வழி காட்டுன மனுசனுங்க. சங்கத்து மலருக்கு நீங்கதான் நாலு பக்கம் எழுதிக் குடுக்கோணும்" என்றார். சரி என்றேன். வழி காட்டினார் என்பது பொய்யில்லை. எந்த வழியைக் காட்டினார், பிறகு அந்த வழியில் போக வேண்டாம் என்று எத்தனை பட்டறையில் ஏறி இறங்கிச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். மலரில் போட மனமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது.

1950களின் நடுவில் நான் பனியன் துணி வெளுக்கும் சலவைப்பட்டறை வைக்க இடம் தேடியபோதுதான் அவர் எனக்குப் பழக்கம். சோமனூர்ப் பக்கத்து நெசவுக் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அப்போதே சலவையில் பேர் எடுத்தவர். நான் மூன்று இடம் பார்த்து வைத்திருந்தேன். அவர் ரோடு எப்படி, கரண்டு எப்படி என்று எதையும் கேட்கவில்லை. முதல் இரண்டு இடத்திலும் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டு, நாக்கில் புரட்டி, துப்பினார். மூன்றாவது இடம், எங்கள் பூர்வீகப் புஞ்சைக் காட்டை ஒட்டிய ஆவாரங்காட்டுக் குளம். அங்கே மட்டும் துப்பாமல் விழுங்கினார். "மொதலாளி, வேற எங்கயும் பாக்க வேண்டாமுங்க. இதுல வெளுத்தாத் துணி பாலாட்ட இருக்குமுங்க" என்றார். அப்படித்தான் இருந்தது. குளத்தங்கரைக் கிணற்றில் மோட்டார் வைத்தோம். எங்கள் வெள்ளைக்கு வடக்கே நல்ல பெயர் வந்தது. நான் அதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரோ, யார் பாராட்டினாலும், "வெளுக்கறது நாமில்லீங்க, தண்ணி. நாம தொட்டி கட்டறவங்க, அவ்வளவுதானுங்க" என்பார்.

குளத்தின் விஷயத்தில் அவருக்கு மூக்கு நுனியில் கோபம். ஒருமுறை ஓர் ஆள் பிளீச்சிங் பவுடர் வந்த காலி டிரம்மைக் குளத்தில் முக்கிக் கழுவிவிட்டான். மேஸ்திரி அவன் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் விடிந்ததும் தானே அவன் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, "வா, போலாம். ஆனா ஒண்ணு. உங்க ஊட்டுச் சோத்துப் பானையில எவனாவது டிரம்மக் கழுவுனாச் சும்மா உடுவியா?" என்று கேட்டு, சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். அதன்பிறகு எங்கள் பட்டறையில் குளத்தில் கால் கழுவுவதற்குக்கூட ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் ஆளைக் கட்டுப்படுத்தலாம், தொட்டியை எப்படிக் கட்டுப்படுத்துவது? துணியைப் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறவைத்து, ஆசிட் தண்ணீரில் முக்கி, நாலு முறை அலச வேண்டும். அலசிய தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குளத்துக்குத்தான் போனது. மழைக்காலத்தில் குளம் அதைப் பொறுத்துக்கொண்டது. ஒரு கோடையில் முழங்கால் ஆழத்துக்கு வற்றியபோது பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதக்கிறது. குளத்துக்குக் கீழே தோட்டம் வைத்திருந்த ராமாத்தாள் தன் காங்கேயம் காளைகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிவந்தாள். அவை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

அன்று சாயங்காலமே கருப்பணசாமி கோயில் முன்னால் ஊர் கூடியது. ராமாத்தாளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். புருஷனை இழந்து, இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக வெள்ளாமை செய்தவள். கூட்டத்தில் அவள்தான் பேசினாள். "ஏனுங்ணா, இந்தக் கொளத்த நீங்களும் வெட்டல, நாங்களும் வெட்டல. ஆரோ வெட்டி நமக்கு உட்டுப்போட்டுப் போனாங்க. நாம நம்ம புள்ளைகளுக்கு என்னத்த உட்டுப்போட்டுப் போறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இரண்டு மழை பெய்தால் சரியாகிவிடும் என்று நான் வழவழவென்று ஏதோ சொன்னேன். பட்டறையை மூடச் சொல்லிச் சிலர் சத்தம் போட்டார்கள். அப்போதுதான் மேஸ்திரி முன்னால் வந்தார்.

எங்கள் காட்டில் ஒரு வறட்டுக் கிணறு இருந்தது. என் அப்பா இரண்டு வருடம் வெடி வைத்துப் பாறையைப் பிளந்து எழுபது அடி இறக்கியும் சொட்டு ஊறாத கிணறு. மேஸ்திரி சொன்ன யோசனை இதுதான்: கழிவுத் தண்ணீரைக் குளத்துக்கு விடாமல் அந்தக் கிணற்றில் இறக்கிவிடுவது. "தண்ணியே வராத கெணறுங்க அது. வாரதுக்கு வழி இல்லாத எடத்துல போறதுக்கு வழி எங்கீங்க இருக்கும்? உள்ளயே கெடந்து வெயில்ல காஞ்சு போயிருமுங்க" என்றார். தண்ணீரை நாக்கால் தெரிந்தவர் சொல்கிறார். ஊரில் யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. கிணறு வெட்டியே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த சனம் நாங்கள். ஊறுமா ஊறாதா என்பது ஒன்றுதான் எங்களுக்குக் கிணற்றைப் பற்றித் தெரிந்த கேள்வி. மேஸ்திரி கருப்பணசாமி முன்னால் சூடம் ஏற்றி, இனி ஒரு சொட்டுக் குளத்தில் விழாது என்று சத்தியம் செய்தார். ராமாத்தாள் அந்தச் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். ஆட்களோடு தானும் மண்வெட்டி பிடித்து, பட்டறையிலிருந்து கிணறு வரைக்கும் வாய்க்கால் வெட்டினார். ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. அடுத்த வருடம் மீன் துள்ளியது, காளைகள் இறங்கிக் குடித்தன. ஊர் அவரைக் கூப்பிட்டு உருமால் கட்டியது. எங்கள் பக்கத்தில் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஒருவருக்கு ஊர் கூடித் தலைப்பாகை கட்டுவது லேசான மரியாதை இல்லை. மனிதர் அதை மறுநாளே இடுப்பில் சுற்றிக்கொண்டு தொட்டி கழுவ இறங்கிவிட்டார். கேட்டதற்கு, "துணி நல்ல துணிங்க, சும்மா வெச்சு என்ன பண்றது?" என்று சிரித்தார்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் நடத்தினீர்கள். ஒவ்வொருவராக வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனீர்கள். ஆற்றோரத்தில், குளத்தோரத்தில், எங்கெல்லாம் பட்டறை உண்டோ அங்கெல்லாம் வறட்டுக் கிணற்றைத் தேடினீர்கள். எதற்கும் உதவாமல் கிடந்த காடெல்லாம் அப்படியொரு கிணறு இருந்த காரணத்தாலேயே கைமாறியது. மேஸ்திரியிடம் யோசனை கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஆசையோடு சொல்லிக்கொடுத்தார். குளங்களைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் நிஜமாகவே நம்பினார். அந்த நாட்களில் அவர் முகம் முழுக்கச் சந்தோஷம்தான்.

எங்கள் கிணறு நிறையவே இல்லை. பட்டறை இரண்டு மடங்காகியும், நாள் முழுக்கத் தண்ணீர் இறங்கியும், எட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் மினுங்கும். வெயிலில் காய்கிற அளவா அது? கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தாலே தெரியும். மேஸ்திரி வெள்ளந்தி, வெயிலை நம்பினார். நான் அப்படி இல்லை. எங்கேயோ போகிறது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. எங்கே என்று கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் இருந்தேன்.

ஏறக்குறைய பத்து வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் ராமாத்தாள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சத்தம் போட வரவில்லை. "மேஸ்திரிங்ணா, எங்கெணத்துத் தண்ணி. பருப்பு வேக மாட்டேங்குது. வாழை ஓரமெல்லாம் கருகுது. நீங்கதான் தண்ணி பாக்கறவராச்சே, சித்தெ பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவர் வழக்கம்போல வாயில் விட்டுப் புரட்டினார். துப்புவார் என்று நினைத்தேன். விழுங்கிவிட்டார். சொம்பை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அம்மிணி, இது நம்ம பட்டறைத் தண்ணி" என்றார். வேறு யாராக இருந்தாலும் பூமியில் உப்பு ஏறிவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்று எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார்கள். அவருக்கு அது வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு குளத்துக்குக் கீழே இருந்த கிணறுகளுக்கெல்லாம் போனார். ஒவ்வொன்றிலும் வாளி விட்டு ஒரு மடக்கு. கெட்டிருந்தால் தோள் துண்டின் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். பொழுது சாயும்போது துண்டின் ஒரு ஓரம் முழுக்க முடிச்சு. குளத்தங்கரையில் வந்து உட்கார்ந்தோம். குளத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது, கொக்குகள் நின்றிருந்தன. "மேலுக்குக் காப்பாத்திப்போட்டு அடியில கொன்னுபோட்டனுங்க" என்றார். அழுதார். ஐம்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பட்டறையை நிறுத்தச் சொல்வாரோ என்ற பயம்தான் எனக்கு இருந்தது.

சொன்னார். "கெணத்த மூடிப்போடலாமுங்க. ஊருக்குச் சொல்லிப்போடலாமுங்க. வேற வழி கெடைக்கற வரைக்கும் பட்டறை நிக்கட்டும்" என்றார். ஊருக்கு மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் தானே போய் அதே கோயில் முன்னால் நின்று சொன்னார். அடிப்பார்கள், துரத்துவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறார். ஒருவரும் கோபப்படவில்லை. அதற்குள் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "உடுங்க மேஸ்திரி, போய் வேலையப் பாருங்க" என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். ராமாத்தாள் மட்டும், "எத்தன வருசத்துல தெளியுமுங்ணா?" என்று கேட்டாளாம். தெரியாது என்றாராம்.

நான் கிணற்றை மூடவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினேன். ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பவும் இல்லை நான். வேறு மேஸ்திரியை வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் உங்கள் பட்டறைகளுக்கு வந்தார். சைக்கிளில், அந்த வெயிலில், ஒவ்வொன்றாக. "நான் சொன்ன யோசனை தப்புங்க. கெணத்துல உடாதீங்க. அது நாலு தோட்டம் தாண்டிப் போய் மொளைக்குது" என்று கைகூப்பினார். நீங்கள் நாற்காலி போட்டீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். வயசாகிவிட்டது, மனது பேதலித்துவிட்டது என்று அவர் தெருமுனை திரும்பியதும் சொன்னீர்கள். நானும் சொன்னேன். அவருடைய முதல் சொல்லை ஒரே நாளில் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நாம். இரண்டாவது சொல்லுக்கு நம் யாருக்கும் காது இல்லை. பிறகு சங்க விழாவில் அவருக்குச் சால்வை போட வேண்டும் என்று வேறு போய்க் கூப்பிட்டோம். "நான் பண்ணுன காரியத்துக்குச் சால்வைங்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மரியாதை தெரியாத ஆள் என்று அதற்கும் பேசினோம்.

கடைசி வருடங்களில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். மேட்டுப்பக்கம் கெடாமல் இருந்த பொதுக்கிணற்றில் இரண்டு குடம் இறைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு, தினமும் காலையில் ராமாத்தாள் வாசலில் இறக்கி வைப்பார். ஆரம்பத்தில் அவள் அதைத் தொடவில்லையாம். பத்து நாள் கழித்து, "இப்படி வெயில்ல வராதீங்ணா, எம்மகன் போயி எடுத்தாருவான்" என்றாளாம். அவர் கேட்கவில்லை. சைக்கிளை மிதிக்க முடியாமல் போனபோது தள்ளிக்கொண்டு போனார். காதர்பேட்டைக்குப் போகிற வழியில் நான் எத்தனையோ தடவை அவரைத் தாண்டிக் காரில் போயிருக்கிறேன்.

அன்று சாவு வீட்டில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். உடலைக் குளிப்பாட்ட வேண்டும் என்றதும் உங்களில் ஒருவர் டிராக்டரில் பேரல் பேரலாக நல்ல தண்ணீர் வரவழைத்திருந்தார். பெரிய மனதுதான். மேஸ்திரியின் மகன் வேண்டாம் என்றான். ராமாத்தாள் ஒரு குடத்தோடு வந்தாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. "எங்கெணத்துத் தண்ணியத்தான் ஊத்தோணும்னு போன வாரமே சொல்லிப்போட்டாருங்க. எதுக்குங்ணா இப்படிப் பேசறீங்கன்னு கேட்டேன். நான் கெடுத்த தண்ணிய நானே சுமந்துட்டுப் போறன் அம்மிணின்னாரு" என்றாள். குடத்தைத் திறந்ததும் பட்டறைத் தொட்டியின் நெடி வந்தது. நாம் எல்லோரும் அந்த நெடியை நன்றாக அறிந்தவர்கள்தான். அப்படியும் சிலர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். உறவுமுறையில் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். நானும் ஒரு சொம்பு ஊற்றினேன். அவர் மார்பில் அது வழிந்து இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை அடுத்தவரிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் பட்டறையை நிறுத்தினேன். என் பையன்கள் என்னோடு பேசுவதில்லை. இவர்கள் காலத்துக்கு என்று சொல்லித்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன். நான் கண்ணை மூடினால் இவர்களே வாய்க்காலைத் திரும்பவும் கிணற்றுப் பக்கம் வெட்டுவார்கள், தெரியும். அதனால் பூட்டோ வேலியோ போட்டு ஏமாறாமல், நான் உயிரோடு இருக்கும்போதே கிணற்றுக்குள் பாறாங்கல்லும் களிமண்ணும் இறக்கி, விளிம்புவரை இடித்து மூடினேன். கீழே போய்விட்டதை அதனால் திருப்பி எடுக்க முடியாது. ராமாத்தாளுடைய கிணறு அப்படியேதான் இருக்கிறது, அவள் பேரன் பேத்திகளுக்கும் அப்படியேதான் இருக்கும். உங்கள் கிணறுகள் இன்னும் திறந்திருக்கின்றன. மேஸ்திரி உங்களிடம் நேரில் வந்து சொன்னதை நான் எழுத்தில் சொல்கிறேன்: மூடுங்கள்.

கிணற்றை மூட முப்பது ஆட்கள், பத்து டிராக்டர், இரண்டு நாள் ஆனது. அவர் என்னிடம் கேட்டது அந்த இரண்டு நாளைத்தான். கேட்டு எட்டு வருடம் ஆகிறது. மேஸ்திரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அந்த இரண்டு நாளைக் கொடுக்காமல் நான் கடத்திய எட்டு வருடம்தான்.